பச்சை ஸ்டிக்கர் வீடு

செப்டம்பர் 3, செவ்வாய்

காட்டுத்தீ அணைந்து ஒன்பதாம் நாள். பிரார்த்தனைக் கூடத்துக்கு வரும் நிவாரணப் பொருள்களுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருக்கிறார்கள். கூடத் தலைவர் எல்லார் முன்னாலும், "அக்கா கையில நோட்டக் குடுத்தா ஒரு குண்டூசி குறையாது" என்றார். வீட்டுக்கு வந்ததும் என் கணவர், "எமன் வந்தாலும் கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள விடுவா" என்கிறார். சிரிக்கட்டும். நான் பள்ளிக்கூடம் போனது ஐந்தாவது வரை. மீதியெல்லாம் நானாகப் படித்தது. இதற்காகத்தான் கடவுள் எழுத்தைக் கொடுத்தாரோ என்னவோ.

முதல் நாள் கூட்டத்தில் வீடு முழுசாக நிற்கிறவர்களும் போர்வையைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். இனி நடக்காது. அதிகாரிகள் வாசலுக்கு வாசல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். எரிந்த வீட்டுக்குச் சிவப்பு, நிற்கிற வீட்டுக்குப் பச்சை. சிவப்புக்கு மட்டுமே பொருள் என்று விதி வைத்தேன். வாங்கியவர் பெயர் ஒரு பக்கம். திருப்பி அனுப்பியவர் பெயர், கேட்ட பொருள், காரணம் எல்லாம் எதிர்ப் பக்கம்.

செப்டம்பர் 5, வியாழன்

முகக்கவசம் 200 வந்தது. சாம்பல் புகாத நல்ல ரகம். சிவப்பு வீடு 77. வீட்டுக்கு இரண்டு.

செப்டம்பர் 6, வெள்ளி

மேட்டுத் தெருத் தையல்காரி வந்தாள். என் மகள் கல்யாணத்துக்கு இரண்டே நாளில் தைத்துக் கொடுத்தவள். வீட்டுக்குப் பின்னால் இருந்த காடு முழுக்கச் சாம்பல். வீடு மட்டும் தப்பித்தது.

"ரெண்டு மாஸ்க் குடுங்கக்கா. காத்தடிச்சா சோத்துல கூட சாம்பல். அவருக்கு இருமல் நிக்கவே இல்ல."

"உன் வீடு பச்சைம்மா. நோட்டுல இல்லையே."

"பச்சைன்னு எழுதி அவர் நெஞ்சுல ஒட்டிப் பாக்கட்டுமா? இருமல் நிக்குதான்னு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. எதிர்ப் பக்கத்தில் எழுதினேன்: முகக்கவசம், கணவருக்கு இருமல், சாம்பல். இல்லை.

செப்டம்பர் 11, புதன்

தையல்காரி மறுபடியும். அதே காரணம். எழுதினேன்.

செப்டம்பர் 16, திங்கள்

மூன்றாம் தடவை. இன்று கேட்கக்கூட இல்லை, வரிசையில் வந்து நின்றாள். முன்னால் நின்ற கொத்தனார், "என் பங்குல ஒண்ணு அந்தம்மாவுக்குக் குடுத்துருங்க" என்றார். வீடு மொத்தமும் போனவர். ஒருவர் பேரில் இன்னொருவர் வாங்க முடியாது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். இன்றைக்கு ஒருத்தருக்கு வளைத்தால் நாளைக்குக் கணக்கு எப்படி நிற்கும்? நான் செய்தது சரிதான்.

சரிதானே?

செப்டம்பர் 19, வியாழன்

ஆஸ்பத்திரி நர்ஸ் வந்து பேசினார். பச்சை என்றால் சுவர் நிற்கிறது என்று மட்டும்தான் அர்த்தமாம். எரிந்த வீட்டுக்காரர்கள் வேறு இடம் போய்விட்டார்கள். நிற்கிற வீட்டுக்காரர்கள்தான் உள்ளேயே இருந்து ராத்திரி பகலாகச் சாம்பலை மூச்சாக இழுக்கிறார்கள். "வீடு எரிஞ்சுச்சான்னு கேக்காதீங்கம்மா. என்ன வேணும்னு கேளுங்க" என்றார்.

கையில் 46 முகக்கவசம் இருக்கிறது.

செப்டம்பர் 21, சனி

தலைவர் வெளியூரில். அவரைக் கேட்காமல் விதியை மாற்றுவது எப்படி? "வச்சதே நீதானே" என்கிறார் என் கணவர். எழுந்து உள்ளே போய்விட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

தையல்காரியின் கணவர் போய்விட்டார். நெஞ்சு முழுக்கச் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் நான்கு நாள். நான் போகவில்லை. போய் எந்த முகத்தோடு நிற்பேன்?

அக்டோபர் 7, திங்கள்

அவளே வந்தாள். புகையால் இறந்தவர் குடும்பத்துக்கு அரசாங்க உதவி உண்டாம். ஆனால் வீட்டுக்குள் சாம்பல் வந்தது, அவர் அப்போதிருந்தே இருமினார் என்பதற்கு எழுத்தில் ஏதாவது வேண்டுமாம்.

"எங்கயும் எழுதி வைக்கலக்கா. உங்க நோட்டுல மட்டும்தான் இருக்கு. தேதியோட."

கோபமே இல்லை அவள் குரலில். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புதன்கிழமை வரச் சொன்னேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

தலைவர் எதிர்ப் பக்கத்தைப் படித்தார். "நாப்பத்தாறு கையில இருக்கையில இல்லைன்னு சொன்னோம்னு நம்மளே எழுதிக் குடுக்கணுமா? கூடத்து பேரு என்னாகும்? உங்க பேரு?" நோட்டை மூடிவிட்டு, "நோட்டு அழுக்கா இருக்குக்கா. புதுசா ஒண்ணுல நல்லா எழுதிருங்க."

ஒரு மணி நேரம் மண்டியிட்டிருந்தேன். கடவுள் ஒன்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 9, புதன்

புது நோட்டு. ஒரு அடித்தல் இல்லை. வாங்கியவர் பக்கம் மட்டும். 77 வீடு, 154 முகக்கவசம், இருப்பு 46.

அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். விரல் நுனியெல்லாம் ஊசி குத்திய தழும்பு. கடைசித் தாள் வரை போய்விட்டு முதலிலிருந்து மறுபடி.

"நான் மூணு தடவ வந்தேன்லக்கா?"

"நோட்டுல இல்லையேம்மா."

அதற்குப் பிறகு அவள் நோட்டைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். "சரிக்கா" என்று எழுந்து போனாள்.

பழைய நோட்டைக் கிழித்துக் கொல்லையில் போட்டு எரித்தேன். காற்று வேறு. சாம்பல் கிளம்பி நேராக முகத்தில் அடித்தது; இருமல் வந்தது. கூட்டி அள்ளுவதற்காக முகக்கவசம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

இருப்பு 45.

இதை எந்த நோட்டில் எழுதுவது?