தண்ணீர் கேன் வண்டியில் வந்த பெண் வீட்டார்

ஏங்க, இன்று காலை தண்ணீர் கேன் வண்டி கீழே வந்து ஹாரன் அடித்தது. அடுப்பில் வைத்த பாலை மறந்து பால்கனிக்கு ஓடி, தனியாக நின்று சிரித்தேன். எதிர்வீட்டு அம்மாள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுப் போகட்டும்! அந்த மாதிரி வண்டியிலிருந்து நீங்களும் நானும் இறங்கிய கோலத்தை அவள் கண்டாளா என்ன?

உங்களுக்குச் சர்க்கரை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நம் ஓட்டமே தொடங்கியது. அயனம்பாக்கம் ஏரியைச் சுற்றி முதலில் நடந்தோம், பிறகு ஓடினோம். அதோடு விட்டிருக்கலாம். நம் பிளாட்டில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளைகள் 'டிரெயில் ரன்' என்று ஒன்றை உங்கள் காதில் போட்டுவிட்டார்கள். போச்சு! அன்றிலிருந்து தார் ரோடு உங்களுக்கு ஆகவில்லை. மேடு, சேறு, முள் என்று இருந்தால்தான் முகம் மலரும். "தெரிஞ்ச வழியில ஓடுறதுக்கு இன்னாத்துக்கு ஷூ?" என்பீர்கள்.

ஆனாலும் அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் செய்தது கொஞ்சநஞ்சமா? பத்து மணிக்கு மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். முந்தின நாளே அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்: "இதுதான் கடைசி. இந்தத் தடவை ஏதாவது சொதப்புனீங்க, அப்புறம் கல்யாணப் பேச்சையே எங்கிட்ட எடுக்கக் கூடாது." நீங்களோ விடிந்ததும் ஷூவை மாட்டிக்கொண்டு, "டென்ஷனா கீதுமா. சின்னதா ஒரு ஓட்டம். எட்டு மணிக்கு ஊட்ல இருப்போம்" என்றீர்கள். தனியாக விட்டால் எப்போது திரும்புவீர்களோ என்று நானும் கூடவே கிளம்பினேன். என் புத்தியை என்ன சொல்ல!

நசரத்பேட்டையில் ஒரு டீக்கடை ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தி, நம் இருவர் போனையும் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினீர்கள். "போனைப் பார்த்துகினு ஓடுறதெல்லாம் ஒரு ஓட்டமா?" வரப்பு, கால்வாய்க் கரை, கருவேலங்காடு என்று பாதை நீண்டது. முன்னால் ஓடிய நீங்கள் "கல்லு!", "முள்ளு!", "வழுக்கும்!" என்று எனக்குக் குரல் கொடுத்துக்கொண்டே போனீர்கள். கால்வாயில் கொக்குகள் எழும்பியபோது எனக்கே பெண் பார்க்கும் சமாசாரம் மறந்துவிட்டது.

திரும்பும்போதுதான் வினை. ஏதோ மனைப்பிரிவின் மதில் குறுக்கே வந்தது. வலப்பக்கம் என்றேன் நான். இடப்பக்கம் என்றீர்கள் நீங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுப் போனால், மதில் முடிந்த இடத்தில் முழங்காலளவு சேறு.

"ஏங்க, வழி தெரியுமா தெரியாதா?"

"தெரியாது. எங்கயாச்சும் போவும்."

"நம்ம மானம்தான் போகப்போகுது!"

ஒருவழியாகத் தார் ரோட்டில் ஏறியபோது, எங்கே நிற்கிறோம் என்றே புரியவில்லை. தண்ணீர் கேன் வண்டி ஒன்றைக் கை காட்டி நிறுத்தினீர்கள். டிரைவர் நம்மை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, யாராச்சும் தொரத்துறாங்களா?"

"பொண்ணு பார்க்க வராங்க அண்ணாத்தே. சீக்கிரம் போவணும்."

"பொண்ணு எங்க கீது?"

"ஊட்ல."

"அப்ப நீங்க ரெண்டு பேரும் இங்க இன்னா பண்றீங்க?"

நல்ல கேள்வி! உங்களை முறைத்தேன். நீங்கள் ஆகாயத்தைப் பார்த்தீர்கள். அவர் அயனம்பாக்கம் வழியாகப் போகிறவராக இருந்தது நம் அதிர்ஷ்டம். கேன்களுக்கு நடுவே உட்கார்ந்து, "பஞ்சர்னு சொல்லிடலாம்" என்று வழியெல்லாம் உங்களுக்குப் பாடம் எடுத்தேன்.

வீட்டு வாசலில் அவர்கள் கார் நின்றது. உள்ளே பட்டுப்புடவையில் நம் மகள் காபித் தட்டோடு நின்று, எரித்துவிடுவதுபோல நம்மைப் பார்த்தாள். பையனின் அம்மா பதறி எழுந்தார். "ஐயோ, ஆக்சிடென்டா?"

"இல்லீங்க. புது வழியில ஓடிப் பார்க்கலாம்னு போனோம். தொலைஞ்சு பூட்டோம். ரெண்டு பேரும் சேர்ந்துதான்" என்றீர்கள்.

நம் காலிலிருந்து சேறு சொட்டியது. எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போது பையன் தலையைக் குனிந்துகொண்டான், தோள் குலுங்கியது. அடுத்த நிமிஷம் நம் மகள் காபி சிந்தச் சிந்தச் சிரித்தாள். அதுவரை நிமிர்ந்தே பார்க்காத இருவரும் அப்போதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவர்கள் போனதும், "சொதப்பிட்டமா கண்ணு?" என்று மெல்லக் கேட்டீர்கள்.

"நல்லாவே சொதப்புனீங்க. ஆனா சேர்ந்து சொதப்புனீங்கப்பா. எனக்கும் அப்படி ஒருத்தன்தான் வேணும். அவன் அடுத்த வாரம் உங்ககூட ஓட வரானாம்."

நீங்கள் போன பிறகு அந்த மாப்பிள்ளைதான் தினமும் என்னிடம், "அத்தே, போனை எடுத்துட்டுப் போங்க, தெரிஞ்ச பக்கமா ஓடுங்க" என்கிறார். போனை எடுத்துக்கொள்கிறேன். மற்றதைக் கேட்பதில்லை. போன வாரம் பட்டாபிராமில், புது வீடுகளுக்குப் பின்னால் தெரிந்த மண்பாதை ஒன்றில் இறங்கினேன். சிறிது நேரத்தில் திசையே தெரியவில்லை. இடுப்பில் கை வைத்து நின்று உங்களை வாய்விட்டுத் திட்டினேன். பதில் சொல்ல ஆளில்லாமல் எவ்வளவு நேரம் திட்டுவது? ரயில் சத்தம் கேட்ட பக்கமாக ஓடி வந்து சேர்ந்தேன்.

தெரியாத பாதையைப் பார்த்தால் கால் தானாக இறங்குகிறது. நீங்கள் ஒட்டவைத்துப் போன கிறுக்கு இது. இனி என்னை விட்டுப் போகாது. போகவும் வேண்டாம். ஆனால் ஏங்க, தனியாகத் தொலைந்து போவது நன்றாகவே இல்லை.