கீழ்த்தட்டுக்கு அடியில் ஒரு சாண்

செவ்வாய்க்கிழமை

இன்று கிளினிக்கில் ஷீலா சிஸ்டர் என்னால் திட்டு வாங்கினார். போன வாரம் அங்கே ஸ்டோர் ரூமில் மாமா கடை ஸ்டீல் ரேக்கை மாட்டியது, காலேஜை விட்டுவிட்டு அவர் கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் நான்தான். "தரையிலேர்ந்து ஒரு சாண் விடு தம்பி, துடைக்கணும்லா" என்று சிஸ்டர் அன்றே சொன்னார். "எனக்குத் தெரியும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். ஒரு தட்டு கூடுதலாக வைத்தால் மாமா மெச்சுவார் என்று கீழ்த்தட்டைத் தரையோடு ஒட்டி வைத்தேன்.

இன்று தரை கழுவிய தண்ணீர் ஏறி, ஸ்டெரிலைஸ் செய்த டிரெஸ்ஸிங் பொட்டலங்கள் நனைந்துவிட்டன. இன்னொரு ரேக்குக்கு அளவெடுக்க அப்போதுதான் போயிருந்தேன். டாக்டர் என் முன்னாலேயே, "இப்படியா தண்ணி ஊத்திக் கழுவுறது? இத்தனை வருஷமா என்ன சிஸ்டர் படிச்சீங்க?" என்றார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் டேப்பை இழுத்துச் சுவரை அளந்தேன்.

டாக்டர் போனதும், "காலேஜை விட்டாலும் நல்லா நடிக்கப் படிச்சிருக்கே, அல்லே?" என்றார் சிஸ்டர். பிறகு, "அந்தத் தட்டையாவது உசத்தி வை" என்றார்.

நாலு போல்ட்டைக் கழற்றி மேலே மாட்டினேன். ஐந்து நிமிடம்தான் ஆனது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து நனைந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார். டாக்டர் அடுத்த அறையில்தான் இருந்தார், கதவும் திறந்திருந்தது. நான் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.