கேட்டில் கழற்றிய பூட்ஸ்

2006 ஆகஸ்ட், ஞாயிறு.

மூன்றாம் டிவிஷனில் பத்து வருடம் கால்பந்து ஆடியும் எனக்குக் கிடைக்காத பூட்ஸை, ஆட்டக்காரர் சங்கச் செயலாளரான பிறகு முதலாளியிடம் மல்லுக்கட்டி எங்கள் பட்டாசுக் கம்பெனி டீமுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

இன்று பைனல். பதினொரு பேரும் வெறுங்காலோடு மைதானத்தில் நிற்கிறார்கள். பூட்ஸ் இல்லாமல் ஆட விடமாட்டேன் என்றார் நடுவர்.

"பூட்ஸ எங்கனலே?" என்றேன்.

"கேட்டுலயே கழட்டிட்டோம்ணே."

வெடிமருந்து உரசித் தீப்பிடிக்கும் என்று ஆலைக்குள் யாரும் செருப்போடு நுழைவதில்லை. அந்தப் பழக்கத்தில் மைதானத்து கேட்டிலும் கழற்றிவிட்டார்கள். எதிரணி விழுந்து விழுந்து சிரித்தது. எங்கள் பையன்கள் ஓடிப்போய் மாட்டிவந்து இரண்டு கோல் போட்டார்கள்.

கோப்பை வாங்க என்னைத்தான் அழைத்தார்கள். மேடையிலிருந்த முதலாளி என் காலையே பார்த்தார். குனிந்து பார்த்தேன். என் செருப்பும் கேட்டில்தான் கிடந்தது.

அப்படியே ஏறினேன்.