நான் போகாத சனிக்கிழமைகள்

14.6.2025, சனி, ஸ்கூடாய், மலேசியா

ஊரில் இருக்கும் உம்மாவிடம் போனில் பேசி முடித்தேன். இந்த வாரப் பொய்: ஜொகூர் பாரு போனேன், பள்ளிவாசல் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் என் அண்ணன் இர்ஃபான் காக்காவின் போட்டோவைக் காட்டினேன், யாரும் பார்த்ததில்லை என்றார்கள். நம்பும்படி இருக்கட்டும் என்று, இடது செருப்பின் வார் அறுந்ததையும், வழியில் ஒருவர் தைத்துக் கொடுத்ததையும், மூலை மேசையில் தே ஓ என்ற கடுந்தேநீர் குடித்ததையும் சேர்த்துக்கொண்டேன். உம்மா செருப்புக்காக வருத்தப்பட்டார்கள்.

உண்மையில் அறையை விட்டு இறங்கவே இல்லை. படிக்க வந்து பதினோரு மாதம். முக்கால் மணி நேரப் பஸ்தான், ஒருநாளும் போனதில்லை. காக்காவைக் கடல் கொண்டுபோய்விட்டது என்பது எனக்குத் தெரியும். பிறகு யாரைத் தேடுவது?

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, நன்றாகவே இறங்கியது.

21.6, சனி

இன்றும் போகவில்லை. உம்மா அழுததால் கூடுதலாக ஒன்று சொன்னேன்: "காக்காவ நான் ஊருக்குக் கூட்டிட்டு வந்துருவேன்மா."

அப்படியானால் முப்பதாம் தேதிக்குள் சொல் என்றார்கள். காக்கா வேலை பார்த்த கப்பல் இந்தக் கரையோரம் நின்றபோது, ஒரு காலையில் ஆளைக் காணோம். முப்பதோடு நாலு வருஷம். காஜியார் வைத்த கெடு அது. அதற்குள் தகவல் இல்லையென்றால் காக்காவின் மனைவி சபீதா மச்சி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்துவிட்டு, வேறு நிக்காஹ் செய்துகொள்ளலாம். மாப்பிள்ளையும் பேசி வைத்திருக்கிறார்கள். மச்சிக்கு இருபத்தெட்டு வயது.

"ஒன் சொல்ல நம்பித்தான் முடிவு பண்ணப் போறோம்" என்றார்கள் உம்மா.

என் சொல்லையா?

25.6

படிப்பு ஓடவில்லை. சனிக்கிழமை போகிறேன். நிஜமாகவே.

28.6, சனி

போனேன்.

பஸ்ஸிலிருந்து இறங்கிப் பத்து அடி வைத்திருக்க மாட்டேன். நடைபாதையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "வார் தாங்குதா தம்பி?" வேறு யாரையோ என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அவர் என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் தையலே கிடையாது. வேறு செருப்பு போலிருக்கிறது என்று முணுமுணுத்துவிட்டு வேலையில் குனிந்துகொண்டார்.

சாப்பாட்டுக் கடையும் பள்ளிவாசல் பக்கத்தில்தான் இருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே மூலை மேசைக்குத் தே ஓ வந்துவிட்டது. கல்லாவில் இருந்தவர் பெயர் சுல்தான் என்று கடைப் பையன் கூப்பிட்டதில் தெரிந்தது. அவரிடம் போட்டோவை நீட்டினேன்.

"இதத்தான வாரா வாரம் காட்டுறீங்க?"

நான் இங்கே வந்ததே இல்லை என்றேன். சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்றதும் அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி. போன சனிக்கிழம ஆள் கெடச்சிட்டாருன்னு நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க? இதே மேசை லா. அவரு ஒன்னுமே சாப்பிடல. சட்டையெல்லாம் ஈரம். ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்க."

பயந்துவிட்டேன். ரொட்டி ஒரு வாய்கூட இறங்கவில்லை. திரும்பும்போது பஸ் ஜன்னலில் தெரிந்த என் முகத்தைப் பார்க்காமலே வந்தேன்.

30.6

உம்மாவிடம் என்ன சொல்ல? என் முகத்தோடு ஒருத்தன் காக்காவைக் கண்டுபிடித்துவிட்டான் என்றா? ஒன்றும் சாப்பிடாத, நனைந்த ஒரு ஆளை நம்பி மச்சியை இன்னும் எத்தனை வருஷம் உட்கார வைப்பது?

யாரும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டேன். போய்வந்து சொன்ன முதல் பொய்.

19.7, சனி

இப்போது வாரந்தோறும் போகிறேன். செருப்புத் தைப்பவர் நிமிர்வதில்லை. சுல்தான் என்ன குடிக்கிறீர்கள் என்று கேட்கிறார். என்னை யாருக்கும் தெரியவில்லை.

18.11, செவ்வாய்

சபீதா மச்சி அழைத்தார். வெள்ளிக்கிழமை நிக்காஹ். வாழ்த்தத் தொடங்கினேன், காதில் வாங்கவில்லை.

"தம்பி, நீங்க ஊருக்கு வந்திருக்கீகளா?"

இல்லை, ஸ்கூடாயில்தான் இருக்கிறேன் என்றேன்.

"சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் தெருமுனைல ஒங்களப் பாத்தேன். எடது செருப்பக் கையில வச்சிருந்தீக, வார் அறுந்து தொங்குச்சு. பக்கத்துல ஒருத்தரு நின்னாரு. அவரு மொகத்த நான் பாக்கல."

ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"பாத்துட்டா நான் என்ன செய்ய, தம்பி?"

மச்சி வீட்டுக் கதவைத் தாழ் போட்டிருக்கிறாராம். "தொற, எம் புள்ளைக வந்திருக்குதுக" என்று பக்கத்தில் நின்று உம்மாதான் சொல்லிக்கொண்டே இருக்கிறார்களாம்.