இமெல்டாவுக்கு வாசித்த கதை

வில்லரே, மொன்றியல்
மார்ச் 2007

அன்புள்ள மகள் லோஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் நடமாடித் திரிகிறோம், நீயும் வன்கூவரில் அப்படியே இருக்கவேண்டும் என்பதே என் மன்றாட்டு. அப்பாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பின்படியில் இன்னும் பனி உறைந்து கிடக்கிறது, அது உருக உப்புப் போடாமல் இறங்கவேண்டாம் என்றால் அந்த மனிசன் கேட்டால்தானே.

நத்தார்ப் பண்டிகைக்கு வந்தபோது என் மாத நாவல்களைப் பார்த்து, எல்லாம் ஒரே கதை, கடைசியில் கலியாணம், குப்பையில போடுங்கோ அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாய். பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படிப்பிக்கிறவள் சொன்னால் சரியாய்த்தான் இருக்கும் என்று பெட்டியில் கட்டியும் வைத்தேன். அதற்குள் மேல்வீட்டு இமெல்டாவுக்குக் கண் ஒப்பரேசன் நடந்தது. உனக்குத் தெரியும்தானே, என்னோடு ஃபக்டரியில் காலர் தைத்தவள், புருசனை மட்டக்களப்பில் தொண்ணூறாம் ஆண்டு பிடித்துக்கொண்டு போய் இன்றுவரை தகவல் இல்லை. ஃபக்டரி மூடியதிலிருந்து வெளியே இறங்குவதே இல்லை, சமைப்பதும் குறைவு. கொஞ்ச நாளைக்கு வாசிக்கவேண்டாம், டிவி பார்க்கவேண்டாம் என்று டொக்டர் சொன்னதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தமையன் கிறகரி, போரைப் பற்றிய நல்ல நாவல் என்று ஒன்றைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினாராம். போதும் அண்ணை, எனக்குத் தெரியாததா இதில இரிக்கி என்று நிறுத்திவிட்டாள்.

நான் சோறும் மீன்குழம்பும் கொண்டுபோனபோது பெட்டியிலிருந்து ஒரு நாவலையும் எடுத்துப்போனேன். தொடங்க முதல், அக்கா, கடைசிப் பக்கத்த வாசிங்க என்றாள். கதை கெட்டுப்போகுமே புள்ள என்றேன். கெடட்டும், எல்லாரும் வீட்ட வந்து சேருறாங்களா எண்டு பாக்கணும், என்ட கதைக்குத்தான் முடிவு தெரியாது, இதுக்காவது தெரியட்டும் என்றாள். நீ பழித்த அந்தக் கலியாணத்தைத்தான் முதலில் வாசித்தேன். ஓம், இனித் தொடங்குங்க என்று சொல்லிவிட்டுச் சோற்றுக் கோப்பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

அதில் ஒரு மாமியார் பிழையான கலியாண வீட்டுக்குப் போய், வயிறாரச் சாப்பிட்டு, பொம்பிளை மாப்பிள்ளையோடு படமும் எடுத்த பிறகுதான் யார் வீடு என்று விசாரிப்பாள். இமெல்டாவுக்குச் சிரிப்புத் தாங்கமுடியவில்லை. கண்ணுக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று நான் பயந்து நிறுத்தினேன். அப்போது சொன்னாள், அக்கா, அவர் ஒருக்கா பிழையான செத்த வீட்டுக்குப் போய், அழுது, சவப்பெட்டியும் தூக்கிட்டு வந்தவர், வந்துதான் கேக்கிறார், செத்தது ஆர் எண்டு. சொல்லிவிட்டு மறுபடி சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன். அவரைப் பிடித்துக்கொண்டு போன கதை மட்டும்தான் இத்தனை வருசமாக எங்களுக்குத் தெரியும், அவர் இப்படியொரு ஆள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நீ சொன்னது பிழையில்லை மகள், எல்லாம் ஒரே கதைதான். அதனால்தான் அவளுக்கு வேண்டியிருக்கிறது. இப்போது அவளே கீழே இறங்கி வந்து கதவைத் தட்டுகிறாள், அப்பாதான் தேநீர் போடுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, மழைக்குள் குடையில்லாமல் திரியாதே. மாதாவின் காவல் உனக்கு எப்போதும் இருக்கட்டும். இமெல்டாவின் புருசன் பெயர் கிறிஸ்தோப்பர். ஞாயிறு பூசைக்குப் போனால் அவர் பெயருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்து, இருக்கிறவருக்கா இறந்தவருக்கா என்று யோசிக்காதே, சும்மா கொளுத்து.

உன் அம்மா,
திரேசம்மா