நான் வரைந்து சேர்த்த ஐந்தாவது பூ

அன்பு மகள் வார்யாவுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், வோல்காவில் பனிக்கட்டி உடைந்து ஓடத் தொடங்கிவிட்டது, பூனையும் நன்றாகத் தின்கிறது. நீ சுகமா என்று வழக்கமாகக் கேட்பேன், இந்தத் தடவை அதைக் கேட்கவே வெட்கமாக இருக்கிறது. நேற்று மாப்பிள்ளை க்ளெப் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே.

மெல்போர்னிலிருந்து நீ அனுப்பிய தேவதைக் கதை ஓவியத்தைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பனிக்காடு, கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, ஜன்னலில் கிழவி, வாசலில் பூவோடு ஒரு பெண், பிர்ச் மரக்கிளையில் காலித் தொட்டில். உடனே நூலகத்தில் மாட்டவைத்து, ஆட்களைக் கூட்டி விளக்கவும் நின்றேன். காலமெல்லாம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த வாய் சும்மா இருக்குமா? நீலம் என்றால் விடியல், ஜன்னல் வெளிச்சம் என்றால் நம்பிக்கை, காலித் தொட்டில் என்றால் வரப்போகும் குழந்தை என்று அடுக்கி, ‘என் மக ஜாடையாச் சொல்றா, நான் பாட்டியாகப் போறேன்’ என்றும் சொல்லிவிட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள். நூலகர் ரிம்மா மட்டும், ‘நெல்லியக்கா, பூ நாலு இருக்கே, ரெட்டைப்படையில கல்லறைக்குத்தானே கொண்டுபோவோம்?’ என்று மெல்லக் கேட்டாள். ‘அவ இருக்கிற ஊர்ல டஜன் டஜனாக் குடுப்பாங்களாம், அவளுக்கு நம்ம கணக்கு மறந்துபோச்சு’ என்று அவளை மடக்கி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். அதோடாவது விட்டேனா, கூட்டம் கலைந்ததும் வெள்ளைச் சாயம் எடுத்து ஐந்தாவதாக ஒரு பூவை நானே வரைந்து வைத்தேன். சேதி உன் பள்ளித் தோழிகள் வரை போய், அவர்கள் உனக்கு வாழ்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

‘அத்தை, வயித்துல இருந்த குழந்தை பிப்ரவரியிலயே போயிடுச்சு. உங்ககிட்ட சொல்ல அவளுக்கு வாய் வரல, அதான் வரைஞ்சு அனுப்பினா’ என்றார் க்ளெப். ஓடிப்போய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். அது விடியல் இல்லை, இருட்டப்போகும் நேரம். ஜன்னலில் எரிவது ஒற்றை மெழுகுவர்த்தி. அந்தக் கிழவி என் சாம்பல் நிறச் சால்வையைப் போர்த்தியிருக்கிறாள். நீ துக்கத்தைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்திருக்கிறாய், நான் வாசலில் நின்று பிரசங்கம் செய்திருக்கிறேன். நினைக்க நினைக்க அவமானமாக இருக்கிறது, மகளே. ஈரத்துணியால் அந்தப் பூவைத் துடைத்தேன், நல்லவேளை முழுதும் வந்துவிட்டது. ரிம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். உன் விஷயத்தைச் சொல்லவில்லை, நான் உளறியதாக மட்டும் அன்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். படம் இப்போது வீட்டில், என் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும், வெறும் காலோடு நடக்காதே. பசிக்காவிட்டாலும் சூடாக சூப் குடி. க்ளெப்பும் அழுதிருப்பார், அவரையும் பார்த்துக்கொள். கடவுளின் கை உங்கள் இருவர் தலைமேலும் இருக்கட்டும். கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன், என்ன பெயர் சொல்லி வேண்டிக்கொள்வது எனத் தெரியாமல் நின்றேன். குழந்தைக்குப் பெயர் யோசித்து வைத்திருந்தீர்களா? இருந்தால் எனக்கு எழுது. ஒருவரிடமும் சொல்ல மாட்டேன், நான் மட்டும் கூப்பிட்டுக்கொள்கிறேன்.

வெட்கத்தோடு,
உன் அம்மா நெல்லி