பாதியில் நிற்கும் டேப்

அன்பு மகளுக்கு,

உடம்பளவில் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருந்தால் அது போதும். போனில் பேசினால் உனக்கு நடுவில் மீட்டிங் வந்துவிடுகிறது, அதனால் தாளில் எழுதி அதையே படம் பிடித்து அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லி ஆலை நிர்வாகம் போட்ட வழக்கு வெள்ளிக்கிழமை விசாரணைக்கு வருகிறது. வீட்டைத் தற்காலிகமாகத்தான் கொடுத்தோம், யாருக்கும் எந்த வாக்கும் தரவில்லை என்று கூசாமல் சொல்லியிருக்கிறார்கள். சாவி கொடுத்த அன்று முதலாளி மேடையேறி என்ன பேசினார் என்பது உன் மாமாவின் டேப்பில் இருக்கிறது, கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் சும்மா எடுத்து வைத்தான். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தந்தால் வழக்குக்கு வலு சேரும் என்று நமக்காக வாதாடும் வக்கீலம்மா சொன்னதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

முதலில் மாமாவின் பழைய வீடியோ கேமராவில் டேப்பைப் போட்டு, போட்டோ ஏற்றும் வயரைச் சொருகிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தோம். அதில் போட்டோதான் வரும், டேப்பில் இருப்பது வராது என்று நீ சொன்ன பிறகுதான் மாமா தன் அலமாரியைக் குடைந்து வேறு வயரைக் கண்டுபிடித்தான். அதைச் சொருக நம் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. வக்கீலம்மா ஆபீசில் தூசி படிந்து கிடந்த பழைய கம்ப்யூட்டரைத் தூக்கி வந்து அடுப்பு மேடை ஓரத்தில் வைத்தோம். படம் வந்தது, கொஞ்சம் ஓடியது, நின்றுவிட்டது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடம். டேப் முடிந்தது என்கிறது கம்ப்யூட்டர், கேமராவிலோ டேப் தன் பாட்டுக்குச் சுற்றுகிறது. “வயசாயிடுச்சுக்கா, உன்னை மாதிரியே பாதியில மூச்சு வாங்குது” என்கிறான் உன் மாமா. கரண்டியால் ஒன்று போடலாம் போலிருந்தது.

இதற்குள் விஷயம் ஆலைக்கு எட்டிவிட்டது. நேற்று ஒரு அதிகாரி சட்டை மடிப்புக் கலையாமல் வந்து, “ஏம்மா கஷ்டப்படுறீங்க, டேப்பைக் கொடுங்க, எங்க ஸ்டுடியோவில சுத்தமா மாத்தித் தர்றோம்” என்று தேனொழுகப் பேசினார். கூரை ஒழுகுகிறது, வந்து பாருங்கள் என்று வருஷக்கணக்கில் கத்தினோமே, அப்போதெல்லாம் இந்தப் பக்கம் திரும்பாத ஆள். உன் அப்பா வேறு, “கொடுத்துடலாம், பெரிய மனுஷங்க, ஏமாத்த மாட்டாங்க” என்றார். கேமராவை மடியில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “பார்க்கணும்னா வெள்ளிக்கிழமை வாங்க சார், எல்லார் முன்னாடியும் போட்டுக் காட்டுறோம்” என்றேன். ஆள் முகம் தொங்கிப் போய்விட்டது.

அவர் போனதும், எடுக்கும்போது மாமாவுக்கு என்ன பழக்கம் என்று நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். ஒவ்வொரு காட்சியையும் எடுத்ததும் ஓட்டிப் பார்ப்பானாம். ஒருமுறை டேப்பில் மணப்பெண்ணின் முகம் பதிந்திருந்த இடத்தின் மேலேயே பந்தியைப் பதிவு செய்து அதை அழித்துவிட்டு அடி வாங்கப் பார்த்தவன், அதிலிருந்து வெறும் டேப்பைக் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பானாம். அந்த வெற்று இடம் வந்ததும் டேப் தீர்ந்தது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்கிறது. நீ சொன்னபடி கேமராவைக் கம்ப்யூட்டர் ஓட்டுவதை நிறுத்திவிட்டு, நாங்களே கையால் ஓட்டி, வெற்று இடத்தைத் தாண்டித் தாண்டிப் பிடித்தோம். துண்டு துண்டாக எல்லாம் வந்துவிட்டது.

ஒரு துண்டில் முதலாளி நிற்கிறார். “உங்க பிள்ளைங்க காலத்துக்கும் இந்த வீடு உங்களுதுதான்” என்கிறார், ஒரு வார்த்தை தேயவில்லை. கேமரா கூட்டத்தின் பக்கம் திரும்புகிறது. முதல் வரிசையில் உன் அப்பா, கருகருவென்று மீசையோடு, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தட்டுகிறார், பக்கத்து ஆளையும் தட்டச் சொல்லி இடிக்கிறார். உன் அப்பா என் பின்னால் நின்று பார்த்தார். “இன்னொரு தடவை போடு” என்றார். போட்டோம். பிறகு சட்டையை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். என்னவென்று கேட்டால், “அங்க கை தட்டினவன் நான்தான்னு வெள்ளிக்கிழமை நானே சொல்றேன்” என்கிறார்.

ஜெயிப்போமா தெரியாது. உனக்கும் ஒரு பிரதி அனுப்ப மாமாவிடம் சொல்லியிருக்கிறேன், பத்திரமாக வை, யாருக்கும் கொடுக்காதே. வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. யாருக்கும் தலை குனியாமல் நீண்ட காலம் நன்றாக இரு, என் கண்ணே.

அப்பாவின் சட்டைக்குப் பொத்தான் தைக்கப் போகும்,
உன் அம்மா